பழைய கணினியும் பிள்ளைகளின் விளையாட்டும்: பணம் கொடுக்குமுன் சற்றே பொறுங்கள்!



கோடை விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் தவறாமல் எழும்பும் கோரிக்கை ஒன்று உண்டு. "அப்பா, நம் கம்ப்யூட்டரில் கேம் ஓடமாட்டேன் என்கிறது, புதிதாக ஒன்று வாங்கித் தாருங்கள்" என்பதே அது. பிழைப்புக்காக ஊரை விட்டு இந்த ஹைதராபாத் மாநகருக்கு வந்து, வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பவேண்டிய பணம் என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துச் செலவிடும் தகப்பனுக்கு இது சிறிய கோரிக்கை அல்ல.

சென்ற ஆண்டு கோடையில், மல்காஜ்கிரிப் பகுதியில் வசிக்கும் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றிருந்தேன். மூத்த மகளின் படிப்புக்காகப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி கூடத்தின் மூலையில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த மகன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். அதே அடுக்குமாடியிலுள்ள நண்பர்கள் அவனுடைய கணினியை "டப்பா" என்று கேலி செய்கிறார்களாம். தகப்பனார் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, கடையில் கேட்டேன். இது தேறாது, எல்லாவற்றையும் மாற்றவேண்டும், எழுபதாயிரம் ஆகும் என்கிறார்கள். மாதத் தவணையில் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றார். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கே அவர் கடன் வாங்கியிருந்ததை நான் அறிவேன்.

"ஒரு வாரம் பொறுங்கள்" என்று மட்டும் சொன்னேன். கணினி பழுதுபார்க்கும் வேலையை நன்கு அறிந்த நம் வாலிபர் ஒருவரை அந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அவர் கண்டறிந்ததையும், அதன்பின் நான் கேட்டுப் படித்து அறிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதன் சாராம்சம் ஒன்றே: பழைய கணினி முழுவதும் ஒரே சமயத்தில் மூப்படைவதில்லை. ஏதோ ஓர் இடம் மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்குமுன் ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள்.

தடை எங்கே இருக்கிறது?

கணினி விளையாட்டு என்பது வேகமாக மாறும் படங்களின் வரிசையே. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணினி விளையாட்டில் இவற்றை ஃபிரேம் என்கிறார்கள். விநாடிக்கு 30 ஃபிரேம்கள் இருந்தால் பெரும்பாலான விளையாட்டுகளை ஆடலாம். 60 இருந்தால் மிகவும் சீராக இருக்கும். நம் வீடுகளிலுள்ள சாதாரணத் திரைகள் விநாடிக்கு 60 முறைதான் தம் படத்தைப் புதுப்பிக்கின்றன. ஆகவே, அதற்கு மேல் கிடைக்கும் ஃபிரேம்களால் அத்தகைய திரையில் பெரிய பயன் இல்லை. 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் சுமார் 16.7 மில்லி விநாடிக்குள் கணினி வரைந்து முடிக்கவேண்டும். 30 போதுமென்றால் 33.3 மில்லி விநாடி அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தைத் தவறவிடும்போது திரை திக்கித் திக்கி நகருகிறது.

படத்தை வரைவதில் நான்கு பேருக்குப் பங்கு உண்டு. கணக்கிடுகிறது பிராசசர், படத்தைத் தீட்டுகிறது கிராபிக்ஸ், வேலைக்கு உடனடியாகத் தேவையானவற்றை ஏந்தி நிற்கிறது ராம் எனப்படும் நினைவகம், மற்றவற்றைச் சேமித்து வைத்திருக்கிறது ஹார்டு டிஸ்க். இவர்களில் யார் திணறுகிறார் என்று அறிய ஒரு கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. விளையாட்டைப் பத்து நிமிடம் ஆடிவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள்.

டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால், தடை ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால், நினைவகம் போதவில்லை. கிராபிக்ஸ் மட்டும் நிரம்பி மற்றவை ஓய்வாக இருந்தால், விளையாட்டின் காட்சித் தரத்தைக் குறைக்கவேண்டும். பிராசசர் நிரம்பியிருந்தால், வேறு எந்த நிரல் அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

இன்னொரு வித்தியாசத்தையும் அறிந்துகொள்ளுங்கள். இணையம் வழியாக மற்றவர்களோடு ஆடும்போது, உங்கள் பார்வை சீராக நகர்ந்தும் எதிராளிகள் மட்டும் இங்குமங்கும் தாவினால், அது பெரும்பாலும் இணைப்பின் கோளாறு. கணினியின் கோளாறு அல்ல. வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்துப் பாருங்கள். சில நூறு ரூபாயில் தீரும் குறைக்காகப் புதுக் கணினி வாங்கியவர்களும் உண்டு!

வெப்பமும் தூசியும்

"முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகுதான் திக்குகிறது." உங்கள் பிள்ளை இப்படிச் சொன்னால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஹைதராபாத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள வீடுகளில் இரவிலும் அனல் தணிவதில்லை. அதோடு ஓயாத கட்டடப் பணிகளின் தூசியும் சேர்ந்துகொள்கிறது. பத்து ஆண்டுகள் திறக்கப்படாத கணினிப் பெட்டியின் உள்ளே, விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையில் கம்பளம் போலத் தூசி படிந்திருப்பதைக் காணலாம்.

மல்காஜ்கிரி வீட்டில் கண்ட முதல் குறை இதுவே. விளையாடும்போது பிராசசரின் வெப்பம் 95 டிகிரியைத் தாண்டியது. சுத்தம் செய்து, உலர்ந்துபோயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசியபின் எழுபதுகளுக்கு இறங்கியது. செலவு, ஒரு சிறு குழாய் பேஸ்ட்டின் விலை மட்டுமே. வெப்பத்தை அளக்க எச்.டபிள்யூ. மானிட்டர் போன்ற இலவச நிரல்கள் உள்ளன.

நீங்களே சுத்தம் செய்வதானால் சில எச்சரிப்புகள். மின் இணைப்பைத் துண்டித்து, வயரையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். மென்மையான வண்ணத் தூரிகையும் புளோயரும் போதும். காற்றடிக்கும்போது விசிறியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கட்டுக்கடங்காமல் சுழன்றால் பழுதாகிவிடும். வீட்டைப் பெருக்கும் வேக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்கவேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மடிக்கணினி வைத்திருப்போரே, மெத்தையின் மேல் வைத்து விளையாடவேண்டாம். அடிப்பக்கத்துக் காற்றுவழி அடைபடும். பலகையின் மேல் வைத்து, சார்ஜரை இணைத்தே ஆடுங்கள். பேட்டரியில் மட்டும் ஓடும்போது பெரும்பாலான மடிக்கணினிகள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

அழையா விருந்தாளிகள்

கணினியைத் தொடங்கியவுடன் நாம் கேளாமலே எத்தனை நிரல்கள் எழுந்துவிடுகின்றன! டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தைத் திறந்து, தேவையற்றவற்றை நிறுத்திவிடுங்கள். வைரஸ் தடுப்பு நிரலை மாத்திரம் நிறுத்தாதீர்கள். பிரௌசரில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு விளையாடுவதும் நினைவகத்தை விழுங்கும். விளையாட்டைப் பின்னணியில் பதிவு செய்யும் வசதி விண்டோஸில் உண்டு. பழைய கணினியில் அதை அணைத்துவைப்பது நல்லது. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஹை பெர்ஃபார்மன்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராபிக்ஸ் டிரைவரை, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மாத்திரமே இறக்கிக்கொள்ளுங்கள். "ஒரே சொடுக்கில் வேகம் இருமடங்கு" என்று விளம்பரம் செய்யும் நிரல்களுக்குப் பணம் கொடாதீர்கள். அவை செய்யும் பயனுள்ள வேலைகளை மேலே சொன்னபடி நீங்களே இலவசமாகச் செய்துவிடலாம்.

இங்கே பெற்றோர் கவனிக்கவேண்டிய முக்கியமான காரியம் ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கவேண்டிய விளையாட்டைப் பூட்டுடைத்து இலவசமாகத் தரும் தளங்கள் அநேகம். பிள்ளைகளுக்கு அவை நன்றாகத் தெரியும். 2021 ஜூன் மாதத்தில் அவாஸ்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் கிராக்கோனோஷ் என்ற தீய நிரலைப் பற்றி அறிவித்தது. பூட்டுடைத்த பிரபல விளையாட்டுகளுக்குள் அது ஒளிந்திருந்தது. கணினிக்குள் நுழைந்ததும் வைரஸ் தடுப்பை முடக்கிவிட்டு, உரிமையாளர் அறியாமலே அவருடைய பிராசசரைக் கொண்டு மொனேரோ என்ற மறையீட்டு நாணயத்தைத் திருடருக்காக உருவாக்கிக்கொண்டிருந்தது. உலகமெங்கும் 2,22,000-க்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. திருடர் ஈட்டியது 20 லட்சம் டாலருக்கும் மேல்! விளையாட்டு எதுவும் ஓடாதபோதே பிராசசர் நிரம்பி நின்று, விசிறி இரைந்துகொண்டிருந்தால், இத்தகைய திருடன் உள்ளே இருக்கிறானா என்று பாருங்கள். பிறருடைய உழைப்பை விலையின்றி எடுத்துக்கொள்வது தவறு என்பதைப் பிள்ளைக்குக் கற்பிக்க இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

விளையாட்டுக்குள் இருக்கும் திறவுகோல்

பணமே இல்லாமல் பெரும் பயன் தருவது விளையாட்டின் செட்டிங்ஸ் பக்கமே. முதலாவது, ரெசல்யூஷன். 1920-க்கு 1080 என்ற அளவில் திரையில் 20,73,600 புள்ளிகள் தீட்டப்படவேண்டும். 1280-க்கு 720 என்று குறைத்தால் 9,21,600 புள்ளிகள் போதும். கிராபிக்ஸின் சுமை பாதிக்கும் கீழே இறங்குகிறது. படம் சற்றே மங்கலாகத் தோன்றும். ஆனால் அசைவு சீராகும்.

இரண்டாவது, ஷேடோஸ் எனப்படும் நிழல்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் அதிகச் சுமையைத் தருபவற்றுள் இது ஒன்று. இதை லோ அல்லது ஆஃப் என்று வையுங்கள். மூன்றாவது, விளிம்புகளை மென்மையாக்கும் ஆன்ட்டி ஏலியாசிங். இதையும் குறைக்கலாம். நான்காவது, எவ்வளவு தொலைவு வரை காட்சி தெரியவேண்டும் என்ற அமைப்பு. இது பிராசசருக்கும் சுமையாகும். டெக்ஸ்ச்சர் தரம் மாத்திரம் வேறு கணக்கு. கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் போதுமானதாக இருந்தால், இதை உயர்த்தினாலும் வேகம் அதிகம் குறையாது. நினைவகம் போதாவிட்டால் திக்கும்.

ஐந்தாவது, பலரும் அறியாதது: ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது. ஐம்பதுக்கும் இருபதுக்கும் இடையே ஏறி இறங்கும் ஓட்டத்தைவிட, முப்பதிலேயே நிலைநிற்கும் ஓட்டம் கண்ணுக்கு இதமானது. வெப்பமும் குறையும். புதிய விளையாட்டுகள் சிலவற்றில் எஃப்.எஸ்.ஆர். என்ற அமைப்பு இருக்கும். ஏ.எம்.டி. நிறுவனம் 2021-இல் வெளியிட்ட இந்த முறை, படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது; அதன் முதல் பதிப்பு மற்ற நிறுவனங்களின் பழைய கார்டுகளிலும் இயங்கும்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்து, தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எது பயன் தந்தது என்று அப்போதுதான் தெரியும்.

பணம் செலவிட்டே ஆகவேண்டுமானால்

மேற்சொன்னவற்றைச் செய்தும் போதவில்லையெனில், டாஸ்க் மேனேஜர் காட்டிய இடத்தில் மாத்திரம் செலவிடுங்கள்.

நினைவகம் 4 ஜி.பி. மாத்திரமே இருந்தால், அதை 8 ஜி.பி. ஆக்குவது நல்ல பலன் தரும். ஒரே குச்சியாக வைப்பதைவிட, ஒரே அளவில் இரண்டு குச்சிகளாக உரிய இடங்களில் வைப்பது மேல். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் வரையும் பகுதியும் இந்த நினைவகத்தையே பகிர்ந்துகொள்கிறது. இரண்டு குச்சிகள் இருந்தால் அதற்கு இரண்டு பாதைகள் கிடைக்கின்றன. டி.டி.ஆர்.3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, வெட்டுத்தடம் வேறு இடத்தில் இருக்கும். உங்கள் விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் வாங்கிப் பயனில்லை. முதலில் 64 பிட் வகைக்கு மாறவேண்டும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகியதால் நினைவகத்தின் விலை உலகமெங்கும் கடுமையாக ஏறியது என்பதையும் மனதில் வைத்து, இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவது அடுத்தது. பழைய டிஸ்க்கில் தட்டு சுழலவேண்டும், முள் நகரவேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. கணினி எழும்புவதும் விளையாட்டு திறப்பதும் வெகுவாகத் துரிதமாகும். நடுவில் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் திக்கலும் குறையும். ஆனால் கிராபிக்ஸ் திணறும்போது எஸ்.எஸ்.டி. ஃபிரேம்களைக் கூட்டாது. இதை அறியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

கடைசியாகவே கிராபிக்ஸ் கார்டு. இதற்குப் பெட்டியில் இடமும் எஸ்.எம்.பி.எஸ்.-இல் வலிமையும் வேண்டும். மதர்போர்டின் இடுக்கு தன் வழியாக 75 வாட் வரை மின்சாரம் தரும். அதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனி மின்வயர் தேவையில்லை. 2014-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 ஆகியவற்றின் பல மாதிரிகள் இத்தகையவை. பயன்படுத்திய கார்டு வாங்கினால் மிகுந்த எச்சரிக்கை தேவை. மிகப் பழைய கார்டின் உள்நிரலைத் திருத்தி, உயர்ந்த மாதிரியின் பெயரைக் காட்டும்படி செய்து விற்பவர்கள் உண்டு. ஜி.பி.யூ. இசட் என்ற இலவச நிரல் 2018 முதல் இத்தகைய போலிகள் பலவற்றை அடையாளம் காட்டுகிறது. கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்குச் செல்லுமுன்

செகந்திராபாத்தில் பார்க் லேன் பகுதியிலுள்ள செனாய் டிரேட் சென்டரை நம்மில் பலர் சி.டி.சி. என்ற பெயரால் அறிவோம். பாரடைஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். ஒரே கட்டடத்தில் கணினிக் கடைகள் நெருக்கமாக இருப்பதால், விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற இடம். ஆனால் ஊரிலிருந்து வந்து தெலுங்கும் இந்தியும் இன்னும் பிடிபடாத நம் சகோதரர்கள் எந்தக் கடைக்குச் சென்றாலும், "கணினி மெதுவாக ஓடுகிறது" என்று மாத்திரம் சொல்லி இயந்திரத்தை ஒப்படைத்துவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால், எதை மாற்றவேண்டும் என்ற தீர்மானம் விற்பவர் கைக்குப் போய்விடுகிறது.

ஆகையால், ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள்: மதர்போர்டின் மாதிரிப் பெயர், பிராசசரின் பெயர், நினைவகத்தின் வகையும் அளவும், எஸ்.எம்.பி.எஸ்.-இன் வாட் அளவு, உங்களுக்கு வேண்டிய பொருள் எது என்பது. இவற்றில் பெரும்பாலானவற்றை சி.பி.யூ. இசட் என்ற இலவச நிரல் காட்டிவிடும். வாட் அளவு எஸ்.எம்.பி.எஸ்.-இன் மேலுள்ள ஒட்டுத்தாளில் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் தாள் பேசும். ரசீதும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

இயந்திரத்தைக் கையளிக்குமுன் புகைப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, விண்டோஸைப் புதிதாக ஏற்றக் கொடுத்த இடத்தில் தன் தாயாரின் கடைசிப் புகைப்படங்களை இழந்தார். பணம் கொடுத்தும் அவை திரும்பவில்லை.

எங்கே நிறுத்திக்கொள்வது?

உண்மையை மறைக்கக்கூடாது. பழைய கணினிக்கு ஓர் எல்லை உண்டு. கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006-இல் வெளியிட்ட கிரிக்கெட் 07, ஒரு ஜி.பி. நினைவகம்கூட இல்லாத கணினிகளில் ஓடியது. ஆகவேதான் இந்திய வீடுகளில் அதற்கு இத்தனை நீண்ட ஆயுள். ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் நிறுவனம் உருவாக்கிய டான் பிராட்மேன் கிரிக்கெட் 14, அதைவிடக் கனமானது. அதே நிறுவனம் உருவாக்கி 2023-இல் வெளிவந்த கிரிக்கெட் 24, முற்றிலும் வேறு தலைமுறை. ஆட்டம் ஒன்றே, சுமையோ பன்மடங்கு. வாங்குமுன் அந்த விளையாட்டின் மினிமம் ரிக்வயர்மென்ட்ஸ் பட்டியலை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். பட்டியலுக்குக் கீழே உங்கள் கணினி இருந்தால், எந்த அமைப்பை மாற்றியும் பெரிய பயன் இராது.

மென்பொருளின் எல்லையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் ஆனால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளம் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. என்விடியா நிறுவனமும் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு முடித்து, பாதுகாப்புத் திருத்தங்களை மாத்திரம் 2028 அக்டோபர் வரை தருவதாகச் சொன்னது. ஆகவே பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் விளையாடலாம். ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம்.

மதர்போர்டும், பிராசசரும், நினைவகமும், எஸ்.எம்.பி.எஸ்.-உம் ஒன்றாக மாற்றவேண்டிய நிலை வந்தால், அதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல முடியாது. புதிய கணினியைத் தவணை முறையில் வாங்குகிறீர்கள். அங்கே நிறுத்திக்கொண்டு, பணம் சேரும்வரை காத்திருப்பதே விவேகம்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

மல்காஜ்கிரி வீட்டில் நடந்தது இதுதான். சுத்தம் செய்தார்கள். இன்னொரு 4 ஜி.பி. நினைவகமும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யும் வாங்கினார்கள். கடைக்காரர் கேட்ட எழுபதாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே செலவு முடிந்தது. பழைய கிரிக்கெட் விளையாட்டுகள் தடையின்றி ஓடின. ஆனால் மகன் மிகவும் விரும்பிய புதிய விளையாட்டு ஒன்று ஓடவேயில்லை. தகப்பனார் அவனை அருகே உட்காரவைத்து, பட்டியலையும் தாளையும் காட்டி, ஏன் ஓடவில்லை என்பதையும், தம்மிடம் இப்போது எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பையன் சில நாட்கள் வருந்தினான். பிறகு ஏற்றுக்கொண்டான்.

அண்மையில் அங்கே சென்றிருந்தேன். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பெட்டியைத் திறந்துவைத்து, அவனே தூரிகையால் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "கோடை வருகிறது ஐயா, அதற்குமுன் சுத்தம் செய்துவிடுகிறேன்" என்றான். தவணைக் கடன் இல்லாத அந்த வீட்டில், தகப்பனார் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மகனருகே நின்றிருந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளையும் இந்தக் கோரிக்கையோடு உங்களிடம் வரலாம். கோபப்படவும் வேண்டாம், உடனே கடன் வாங்கவும் வேண்டாம். அவனோடு உட்கார்ந்து, அந்த மூன்று விசைகளை அழுத்திப் பாருங்கள். தடை எங்கே என்பதை இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்.